ஒலிநாடா தேடுவோர் பித்தர்களா?

மறைந்துபோன ஒரு கலைஞனைப் பற்றிய படத்தையோ, அவன் என்றோ வாசித்த கச்சேரியின் ஒலிநாடாவையோ தேடி அலையும் மனிதனைக் கண்டால் நகைப்பது நம் அறிஞர் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. ‘வேலையற்றவன்’ என்கிறார் ஒருவர். ‘ரசிகப் பித்து’ என்கிறார் மற்றொருவர். இன்னுமொருவர், அவர் நமது அணியைச் சேர்ந்தவரே, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, ‘நிலப்பிரபுத்துவக் கலையின் பிணத்தைச் சுமக்கிறார்கள்’ என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார். மூவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லவே இக்கட்டுரை. மூன்றாமவருக்குச் சற்று விரிவாகச் சொல்வோம்.

2016 மார்ச் மாதத்தில் ஒரு செய்தி வந்தது. இந்தியாவின் 63ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், கலை பண்பாட்டுப் படத்துக்கான விருது ‘யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி’ பற்றிய ஆவணப்படத்துக்குக் கிடைத்தது என்பதே அச்செய்தி. படத்தை எடுத்தவர் அம்ஷன் குமார். கி. ராஜநாராயணனின் ‘கிடை’யை ‘ஒருத்தி’ என்று படமாக்கியவர். பிற்பாடு, செத்தவனைச் சுமந்து செல்ல வழிமறுக்கப்படும் மக்களின் கதையை ‘மனுசங்கடா’ என்று எடுத்தவரும் அவரே. நம் நாட்டுத் தவிற் கலைஞனைப் பற்றித் தமிழகத்து இயக்குநர் ஒருவர் படம் எடுத்திருக்கிறார். அதற்கு டில்லியில் பரிசும் கிடைத்திருக்கிறது. சொறிக்கல்முனையில், வயல்களுக்கு நடுவே, திருச்சிலுவைத் தேவாலயத்து மணியோசையில் பொழுது விடியும் இச்சிற்றூரில், மாலைவேளைகளில் கூடிப் பேசும் எம்மைப் போன்ற சிலருக்கு அப்படத்தைப் பார்த்துவிட வேண்டுமென்ற ஆவல் பிறந்ததில் வியப்பில்லை.

பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனோம். முன்பு பாட்டு நாடாக்களும் படத் தட்டுகளும் விற்ற கடைகளிலெல்லாம் இன்று கைத்தொலைபேசி உறைகள் தொங்குகின்றன. ‘யார் நடித்த படம்?’ என்றே கேட்டார்கள். யாழ்ப்பாணத்து நண்பருக்கு எழுதினோம். எங்கோ ஒரு மண்டபத்தில் ஒரு மாலை காட்டினார்களாம் என்று பதில் வந்தது. கொழும்பில் கேட்டோம், சென்னையில் கேட்டோம், தொறொன்றோவில் வாழும் உறவினர் ஒருவரிடமும் கேட்டோம். விருது பெற்ற செய்தி எங்கள் கரைவரை வந்தது, படம் வரவில்லை. ஆனால் தேடிய வழியில் வேறொன்று கிடைத்தது. நாலைந்து கைமாறி, பிரதிக்கு மேல் பிரதியாய் மங்கிப்போன, ஏதோ ஒரு கோவில் திருவிழாவின் ஒலிப்பதிவு. நாகசுரத்தையும் விழுங்கிக்கொண்டு தவில் முழங்குகிறது. இடையிடையே கச்சான் விற்பவனின் குரல். எங்கோ ஒரு பிள்ளை அழுகிறது. அந்த நாடாவைப் பல்லாண்டு காத்து வைத்திருந்தவர் எந்த நிறுவனத்தையும் சேர்ந்தவரல்லர். நம் அறிஞர்கள் நகைக்கும் பித்தர்களுள் ஒருவர்.

இங்கே கடல்கடந்த ஓர் ஒப்பீட்டைச் செய்யாமல் மேற்செல்ல முடியாது. தொறொன்றோ நகரில் 1932இல் பிறந்தவர் கிளென் கூல்ட். பியானோ என்னும் மேலைநாட்டு இசைக்கருவியில் பாஹ்ஹின் இசையை உலகமே வியக்க வாசித்தவர். தெட்சணாமூர்த்தி 1933இல் இணுவிலில் பிறந்தவர். வயதில் ஓராண்டே இளையவர். இருவருக்கும் இளமையிலேயே பெயர் பரவிவிட்டது. இருவரும் நீண்ட ஆயுள் பெற்றாரில்லை. கூல்ட் 1982இல் ஐம்பது வயதில் இறந்தார். தெட்சணாமூர்த்தி 1975இல், நாற்பதைச் சிறிது கடந்த வயதிலேயே போய்விட்டார். ஒப்புமை இவ்வளவே. இனி வேற்றுமையைப் பாருங்கள்.

1959இல் கனடாவின் தேசியத் திரைப்படச் சபை, மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் ஓர் அரச நிறுவனம், கூல்ட்டைப் பற்றி அரைமணி நேரப் படங்கள் இரண்டைத் தொலைக்காட்சிக்காக எடுத்தது. ‘ஓஃப் த றெக்கோட்’, ‘ஒன் த றெக்கோட்’ என்பன அவற்றின் பெயர்கள். எடுத்தவர்கள் வூல்ஃப் கோனிக்கும் றோமன் க்றொய்ற்றரும். ஒன்றில் அந்த இளைஞன் ஏரிக்கரைக் குடிலில் தனியே இருந்து வாசிக்கிறான். மற்றதில் நியூயோர்க் ஒலிப்பதிவுக் கூடத்தில், கட்டைக்கால் நாற்காலி ஒன்றில் கூனிக் குந்தியபடி, தானும் முனகிக்கொண்டே வாசிக்கிறான். பிழைத்த இடத்தை மீண்டும் மீண்டும் வாசிக்கிறான். அப்படங்களை இன்று அச்சபையே எவரும் காசின்றிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. 1954 முதல் 1977 வரை கனடிய வானொலி தொலைக்காட்சி நிறுவனத்துக்காக அவர் செய்த நிகழ்ச்சிகளோ 2011இல் பத்துத் தட்டுகளாகத் தொகுத்து விற்கப்பட்டன. மேலைநாட்டிலும் ரசிகர்கள் தேடி அலையத்தான் செய்கிறார்கள். பியானோக் கலைஞன் ஒருவனைப் பற்றி என்றோ ஒளிபரப்பான படத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் கடிதம் எழுதுகிறார்கள். ஆயினும் அவர்கள் தேடுவதற்கு ஒரு பொருள் இருக்கிறது. அது ஒரு காலத்தில் எடுக்கப்பட்டது. எங்கோ ஒரு நிலவறையில் கிடக்கக்கூடும். நாம் தேடுவது எதை? 1959இல் தெட்சணாமூர்த்திக்கு வயது இருபத்தாறு. அந்த விரல்களுக்கு முன்னால் படப்பெட்டியைக் கொண்டுபோய் வைத்த அரசு எது? சபை எது? தனவந்தர் எவர்?

‘அன்று இங்கே தொலைக்காட்சி ஏது?’ என்று கேட்பார்கள். உண்மைதான். இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும் ரூபவாஹினி 1982இலும்தான் தொடங்கின. சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்டில். அவர் மறைந்த அதே ஆண்டில். ஆனால் படப்பெட்டி இல்லாதிருந்ததா? தேயிலை விற்பதற்காக 1934இலேயே ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற படத்தை இந்நாட்டில் எடுத்தார்கள். கண்டி நடனமும் பேரிகையும் அதில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. 1948இல் இலங்கை அரசாங்கத் திரைப்படப் பிரிவு ஏற்பட்டது. அதே 1948இல்தான் இந்தியாவில் பிலிம்ஸ் டிவிஷனும் ஏற்பட்டது. அணைக்கட்டையும் அமைச்சர் நாடா வெட்டுவதையும் எடுப்பதற்குச் சுருள் இருந்தது. கோவில் வீதியில் விடியும்வரை வாசித்த தவிற்காரனுக்குத்தான் சுருள் இல்லாமற் போயிற்று. ஆகவே பஞ்சம் கருவிக்கு இருக்கவில்லை; மனிதனை மதிக்கும் மனத்துக்கே இருந்தது.

அந்த மனப்பஞ்சத்தின் வேர் எது என்பதையும் ஒளிக்காமற் சொல்வோம், அது சாதி. நாகசுரமும் தவிலும் ‘மங்கல இசை’ என்பார்கள். அவ்விசையின்றித் தாலி ஏறாது. சுவாமி வீதிவலம் வராது. ஆனால் அதை வாசித்தவனை அழைப்பித்த உபயகாரரின் வீட்டில் அவனுக்கு எந்த இடத்தில் இலை போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சபைகளில் வாய்ப்பாட்டுக்காரர் மேடையில் இருக்க, நாகசுரக்காரன் நிற்கவேண்டும் என்றிருந்த காலத்தில், அந்த முறையை எதிர்த்து அமர்ந்து வாசித்தவர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை. அவரைத் ‘திமிர் பிடித்தவர்’ என்றது அன்றைய சங்கீத உலகம். 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ படத்தில் அவரே கதாநாயகனாக நடித்தார். அப்படத்தின் பிரதி இன்று இல்லை. பின்னாளில் சினிமா நாகசுரத்தைத் தாராளமாகவே பயன்படுத்திக்கொண்டது. 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ வந்தது. மூச்சு காருகுறிச்சி அருணாசலத்தினுடையது, முகம் ஜெமினி கணேசனுடையது. 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தது. நாதம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது, முகம் சிவாஜி கணேசனுடையது. அந்நடிகர்களின் திறமையைக் குறைத்து மதிப்பது எம் நோக்கமன்று. சிவாஜி விரல்வைக்கும் நேர்த்தியை நாகசுரக்காரரே மெச்சுவர். எனினும் நடந்தது என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். கலைஞனின் மூச்சை வாங்கிக்கொண்டு அவன் முகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் தன் முகத்தோடு நின்ற ஒரு படத்தையோ தொலைத்துவிட்டார்கள்!

‘ஒலிதான் இருக்கிறதே, படம் எதற்கு?’ என்று கேட்பவர் தவிலை அறியாதவர். பலாமரத்துக் கூட்டின் வலப்புறத்தை வாசிப்பது கூடணிந்த விரல்கள். துணியையும் பசையையும் சுற்றிச் சுற்றிக் கல்லாய் இறுக்கிய கூடுகள் அவை. இடப்புறத்தை அடிப்பது கழி. ஒரு கை தட்டுகிறது, மறு கை அறைகிறது. இரண்டும் வெவ்வேறு கணக்கில் ஓடி ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. நாடாவில் நாம் கேட்பது விழுந்த இடத்தை மட்டுமே. எந்த விரல் முந்தியது, மணிக்கட்டு எங்கே தளர்ந்தது, நாகசுரக்காரர் மூச்செடுக்கும் கணத்தில் அவர் கண் எங்கே போயிற்று என்பதைக் காது காட்டாது. அதிலும் அக்காலத்து ஒற்றை ஒலிவாங்கியைத் தவிலுக்கு முன்னால் வைத்தால் பெருமுழக்கம் மட்டுமே பதியும். மென்மையான சொற்கள் அதற்குள் மூழ்கிப்போகும். தெட்சணாமூர்த்தியின் வேகத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. நேரிற் கேட்டவர்கள் வேகத்தைவிட அவரது நாதச் சுத்தத்தைப் பற்றியே அதிகம் சொல்கிறார்கள். அதிவேகத்திலும் சொல்லுக்குச் சொல் தனித்துத் தெளிந்து நின்றதாம். அது எப்படி முடிந்தது என்று இன்று தவில் பயிலும் இளைஞன் கேட்டால் என்ன காட்டுவோம்? கூல்ட்டின் விரல்களைப் பார்த்துப் பியானோ பயிலும் பிள்ளை தொறொன்றோவில் இருக்கிறான். இணுவிற் பிள்ளைக்கு ஒரு நிழற்படமும், பெரியவர்களின் பெருமூச்சுமே மிஞ்சியிருக்கின்றன.

இப்போது நமது மூன்றாவது நண்பரிடம் வருவோம். கோவிலைச் சார்ந்த கலை நிலவுடைமையாளரின் கலை. உழைக்கும் மக்களுக்கு அதனால் ஆவது என்ன என்பது அவர் வாதம். நண்பரே, நீங்கள் உபயகாரரின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள். வீதியில் இருந்து கேட்ட மனிதனை நீங்கள் பார்க்கவில்லை. வடபகுதியின் கோவில்கள் பலவற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே நுழைய முடியாதிருந்த காலம் அது. 1968இல் மாவிட்டபுரத்தில் கோவிற் கதவுகளைத் திறக்கச் சொல்லி அம்மக்கள் போராடியதை நீங்கள் எம்மைவிட நன்கறிவீர்கள். உள்ளே போகத் தடுக்கப்பட்ட அந்த மக்கள் மதிலுக்கு வெளியே மணலில் இருந்து, விடியும்வரை மேளச்சமா கேட்டவர்கள். மதில் காலைத் தடுத்தது. காதைத் தடுக்க அதனால் முடியவில்லை. கூலிவேலை செய்து களைத்தவனும் சுருட்டுக் கொட்டில் தொழிலாளியும் தாளத்தைத் தொடையில் தட்டிக்கொண்டு கேட்டார்கள். எந்தக் கலைஞன் கணக்கை விட்டான், எவன் பிடித்தான் என்று மறுநாள் வேலைத்தலத்தில் விவாதித்தார்கள். இவர்களுக்கு உரிமையில்லாத கலையா அது? பணம் கொடுத்தவனுக்கே கலை சொந்தமென்றால், அணைக்கட்டெல்லாம் ஒப்பந்தகாரருக்குச் சொந்தம் என்றல்லவா முடியும்!

மதத்தைப் பொறுத்தவரையிலும் நம் நண்பரின் கணக்குப் பொருந்தவில்லை. சீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா இசுலாமியர், நாகசுரத்தில் தமக்கென ஒரு வழி கண்டவர், 1999இல் மறைந்தார். அவர் இலங்கைக்குப் பன்முறை வந்து இந்துக் கோவில்களில் வாசித்தார். யாழ்ப்பாணத்துச் சைவக் கிழவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்த்துகிறார்கள். மருதமுனைத் தறியில் நெய்பவரும் சம்மாந்துறை வயலில் விதைப்பவரும் இதைக் கேட்டுப் பெருமைப்படலாம். பெருமைப்பட்டால் மட்டும் போதாது, அந்த நாடாக்கள் எங்கே என்றும் கேட்க வேண்டும்.

எங்கே அவை? இலங்கை வானொலியின் ஒலிக்களஞ்சியம் ஒரு காலத்தில் ஆசியாவுக்கே பெயர்போனது. தமிழகத்து மூலைமுடுக்குகளில் எல்லாம் கொழும்பு ஒலிபரப்பைக் கேட்டார்கள். அங்கே வாசித்த உள்ளூர்க் கலைஞர்களின் பதிவுகளில் எவை இருக்கின்றன என்று ஒரு பட்டியலைப் பொதுமக்கள் முன் வைப்பது அவ்வளவு பெரிய காரியமா? ஒளிபரப்பு நிறுவனங்கள் நாடாவை நடத்தும் விதம் உலகெங்கும் ஒன்றுபோலவே இருந்திருக்கிறது. 1956இல் ஒளிநாடா வந்தபோது அதன் விலை மிகக் கூடுதலாயிருந்தது. ஆகவே ஒளிபரப்பி முடிந்ததும் அழித்துவிட்டு அதன்மேலேயே மறு நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். செல்வம் கொழித்த பி.பி.சி.யே அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தன் நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்தது. பிற்பாடு ரசிகர்கள் தம் வீடுகளில் பதிந்து வைத்திருந்த ஒலிகளையும், அயல்நாட்டு நிலையங்களில் கிடந்த சுருள்களையும் கொண்டே இழந்தவற்றிற் சிலவற்றை மீட்டது. நிறுவனம் அழித்ததைப் பித்தன் காப்பாற்றினான்! நம் நாட்டில் அத்தகைய பித்தன் ஒருவன் பதிவறையின் வாசலுக்குப் போனால், ‘நீர் யார்? எந்தத் திணைக்களம்? கடிதம் இருக்கிறதா?’ என்று கேட்கிறார்கள். பொதுப்பணத்தில் பதிந்ததைப் பொதுமகன் கேட்கக் கடிதம் வேண்டுமாம்.

நிறுவனங்களை மட்டும் நொந்து பயனில்லை. தேடுவோர் கூட்டத்துக்குள்ளேயே புல்லுருவிகள் இருக்கிறார்கள். ‘இது என்னிடம் மட்டுமே உண்டு’ என்று சொல்லிக்கொள்வதிற் சுகம் காண்பவர் ஒரு வகை. நாடாவைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, விருந்தாளிக்கு ஐந்து நிமிடம் மட்டும் கேட்கவைத்து மீண்டும் பூட்டுவார். பழைய பண்ணையாரின் நெற்களஞ்சியத்துக்கும் இவரது பெட்டகத்துக்கும் என்ன வேறுபாடு? மற்றொரு வகையினர் பிறர் உழைத்துத் திரட்டிய பதிவை இணையத்தில் ஏற்றி, விளம்பரக் காசைத் தம் பையிற் போட்டுக்கொள்கிறார்கள். கலைஞனின் குடும்பத்துக்கு ஒரு சதமேனும் போய்ச் சேருகிறதா? கலையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு கலைஞனின் வீட்டு அடுப்பை மறப்பவனை நாம் ரசிகன் என்று அழைக்கமாட்டோம், வியாபாரி என்போம்.

காலம் குறைவு என்பதால் இத்தனை கடுமையாகப் பேசுகிறோம். ஒலிநாடா என்பது பிளாத்திக்குப் பட்டியின்மேல் இரும்புத் துகளைப் பசைவைத்து ஒட்டியது. ஈரம் பட்டால் பசை இளகும். இளகிய நாடா பொறியில் ஒட்டிக்கொண்டு உரியும். உரிந்த துகளோடு இசையும் போய்விடும். எங்கள் கரையின் உப்புக் காற்றில் பூஞ்சணம் பிடிக்க ஒரு மாரிகாலம் போதும். சவூதிக்கும் குவைத்துக்கும் போன பிள்ளைகள் எண்பதுகளில் வாங்கி வந்த ‘டேப் ரெக்கோடர்’கள் இன்று கோழிக்கூட்டின் மேல் கிடக்கின்றன. பெரிய சுருள்நாடா ஓட்டும் பொறியையோ திருத்துவதற்கும் ஆளில்லை.

இயற்கை தின்றது போக மனிதன் எரித்தது வேறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை உலகறியும். 1983 ஜூலையில் ஹெந்தலையில் விஜயா படப்பிடிப்பு நிலையத்துக்கு இனவெறியர் தீ வைத்தார்கள். இந்நாட்டுத் திரைப்பட வரலாற்றின் ஒரு பகுதி அதில் கருகிற்று. 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் சில மணி நேர, சில நாள் அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டார்கள். உடுத்த துணியோடு போனவர்கள் தம் வீட்டுத் திருமணப் பாட்டுகளின் நாடாவையா சுமந்து சென்றிருப்பார்கள்? 1995 அக்டோபரில் வலிகாமமே ஒரே இரவில் பெயர்ந்து நடந்தது. பெட்டிபெட்டியாய் இருந்த திருவிழாப் பதிவுகள் கூரையில்லாத வீடுகளில் நனைந்தன. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து வந்தபோது அம்பாறை மாவட்டக் கரையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் பிள்ளையை இழந்த தாய்மார், அதன் குரல் பதிந்த ஒரு நாடாவேனும் சேற்றில் அகப்படாதா என்று தேடினார்கள். பதிவைத் தேடுவது பித்தென்று நகைக்கும் அறிஞர் அன்று அந்தக் கரையில் நின்றிருக்க வேண்டும்.

தேடுவது இழிவென்றால், எங்கள் பக்கத்தூரான காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரையும் இவர்கள் பித்தர் என்றே அழைக்கவேண்டும். பழந்தமிழரின் யாழ் என்னும் கருவியே மறைந்துவிட்டது. வாசித்தவனும் இல்லை, வாசித்துக் காட்டியவனும் இல்லை. இலக்கிய வரிகளையும் உரைகாரர் குறிப்புகளையும் துருவி, நரம்புகளின் கணக்கைப் பல்லாண்டு ஆராய்ந்து, ‘யாழ் நூல்’ என்ற பேராய்வை அவர் எழுதினார். 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. அதே ஆண்டிலேயே அவர் மறைந்தார். ஒரு கருவியின் ஓசை அழிந்தபின் அதை மீட்க ஓர் அறிஞன் தன் வாழ்நாளையே கொடுக்க வேண்டியிருந்தது. யாழுக்கு ஒலிநாடா இருக்கவில்லை. தவிலுக்கு இருந்தது. இருந்தும் பூஞ்சணத்துக்குக் கொடுத்துவிட்டு, நூறாண்டு கழித்து ஒருவன் ‘தவில் நூல்’ எழுதட்டும் என்று காத்திருக்கப் போகிறோமா?

இன்னும் கிட்டத்துக்கு வருவோம். றபானைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு வரும் பக்கீர் பாவாமார் எங்கள் முஸ்லிம் ஊர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள்? பொல்லடிக்கு வரிசை சொல்லிக்கொடுக்கத் தெரிந்த அண்ணாவிமார் எத்தனை பேர்? வயல் வரம்பிலும் நிலாமுற்றத்திலும் கவி பாடிய மூதாட்டியர் இன்று பேரப்பிள்ளையின் தொலைக்காட்சிக்கு முன்னால் வாய்மூடி இருக்கிறார்கள். தவக்காலத்தில் எங்கள் தேவாலயங்களில் வியாகுலப் பிரசங்கத்தைப் பழைய இராகத்தில் வாசிக்கும் முதியவரின் தொண்டை எந்த நாளும் இருக்கப் போவதில்லை. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இன்று ஒரு படப்பெட்டி இருக்கிறது. 1959இல் ஓர் அரசாங்கச் சபையிடம் மட்டுமே இருந்த ஆற்றல் அது. அதைக் கொண்டு நாம் எடுப்பது என்ன? நாம் உண்ட புரியாணியை எடுக்கிறோம். கட்டிய சேலையை எடுக்கிறோம்.

ஆதலால் எமது கோரிக்கைகளைத் தெளிவாகவே வைக்கிறோம். விருதுபெற்ற ஆவணப்படங்களை எடுத்தோரும் பணமிட்டோரும் அவற்றின் பிரதிகளை விலைக்கேனும் பொது நூலகங்களுக்குத் தரட்டும். கல்முனையிலும் சம்மாந்துறையிலும் மட்டக்களப்பிலும் ஒவ்வொரு பிரதி இருக்கட்டும். கல்லடியில் விபுலாநந்தர் பெயரைத் தாங்கி அழகியற் கற்கைகள் நிறுவகம் ஒன்று இயங்குகிறது. ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பழைய நாடா ஓட்டும் பொறி ஒன்றும், அதைக் கணினியில் ஏற்றத் தெரிந்த இளைஞர் இருவரும் ஒவ்வோரிடத்திலும் இருந்தால் இக்கரையின் வீடுகளில் கிடப்பவற்றிற் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். ஆய்வரங்கு ஒன்றின் மதிய உணவுச் செலவு இதற்குப் போதும் என்று சொன்னால் கோபிப்பார்கள், ஆயினும் சொல்கிறோம். 2005இல் சில தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஆயிரமாயிரமாய் இணையத்தில் எவரும் படிக்க வைத்திருக்கிறது. அவர்களையும் தொடக்கத்தில் ‘வேலையற்றவர்’ என்று நகைத்தவர் இருந்திருப்பர். இன்று அந்த அறிஞரே தம் பழைய கட்டுரையைத் தேடி அங்கேதான் போகிறார்.

ஒலிபரப்பு நிறுவனங்களிடம் நாம் கேட்பது ஒரு பட்டியல். இன்ன ஆண்டில் இன்ன கலைஞர் வாசித்தது இருக்கிறது, இன்னது இல்லை என்று எழுதி வெளியிடட்டும். அழித்திருந்தால் அழித்தோம் என்று சொல்லட்டும். இல்லாத ஒன்றைத் தேடி எம் நண்பர்கள் வாசல் வாசலாய் ஏறியிறங்கும் பஸ் காசேனும் மிஞ்சும்.

வீட்டில் பழைய நாடா வைத்திருக்கும் நேயர்களுக்கும் ஒரு சொல். பொறி கிடைக்கும்வரை அதைச் சுற்றிப் பார்க்கவேண்டாம். வெயிலில் காயப்போடவும் வேண்டாம். ஈரமில்லாத பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். வாசித்தவர் பெயர், கூட வாசித்தவர் பெயர், கோவில் அல்லது பள்ளிவாசல் அல்லது வீடு, ஆண்டு, பதிந்தவர் பெயர் என்று தெரிந்தவரை ஒரு காகிதத்தில் எழுதி அதனுள் வையுங்கள். ஆண்டு தெரியாவிட்டால், அவ்வாண்டு உங்கள் வீட்டில் பிறந்த பிள்ளையின் பெயரையாவது எழுதுங்கள். எமக்குக் கிடைத்த நாடாவில் அது இல்லை. எந்தக் கோவில், எந்த இரவு என்று கண்டறிய நாலு கிழவர்களிடம் போனோம். நாகசுரம் யாருடையது என்பதில் நால்வரும் நாலு விதமாய்ச் சொன்னார்கள். தவில் யாருடையது என்பதில் மட்டும் அவர்களுக்குள் வழக்கில்லை.